உள்ளே போய்விட்டதே, அப்புறம் என்ன?

மனித குலத்தில் "உள்ளே போய்விட்டதே" ஆசாமி என்று ஒரு தனி ரகம் உண்டு. தேசம், பாஷை, படிப்பு எதுவும் பார்க்காமல் எல்லா ஊரிலும் விளைகிற ரகம். ஒரு பொருளை இன்னொரு பொருளுக்குள் நுழைக்க வேண்டிய வேலை எங்கே இருக்கிறதோ அங்கே இவர் ஆஜராகிவிடுவார். சாவியைப் பூட்டுக்குள், பிளக்கைச் சுவருக்குள், காலைப் பூட்ஸுக்குள், மாத்திரையை வாய்க்குள். இது அதற்குப் பொருந்துமா, அதற்காகச் செய்ததுதானா என்றெல்லாம் கேட்டு அவர் மனதைப் புண்படுத்தாதீர்கள். அவருக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றே ஒன்று. நுழைகிறதா? நுழைகிறது. அப்புறம் என்ன?

இதையெல்லாம் நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அடுத்த பண்ணையிலேயே ஒருவர் குடியிருக்கிறார், பெயர் ஹல்வர்ட். நார்வேயில் இந்த ரகத்துக்கு இவரைவிடச் சுத்தமான மாதிரி கிடைக்காது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய மனிதர். வைத்தாலும் வருத்தப்பட மாட்டார். பெட்டிக்குள் போய்விட்டோமே, அப்புறம் என்ன என்று உட்கார்ந்துகொள்வார்.

ஒரு தடவை டீசல் டிராக்டருக்குப் பெட்ரோல் ஊற்றினார். பெட்ரோல் குழாயின் மூக்கு சின்னது, டீசல் டேங்க் வாய்க்குள் தாராளமாகப் போயிற்று. டிராக்டர் பாதி வயலில் இருமி, விக்கி, நின்றுவிட்டது. ஹல்வர்ட் இறங்கி அதைச் சுற்றி வந்து, "இந்தக் காலத்து டீசல் சுத்த மோசம்பா" என்றார். அதில் டீசலே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

இன்னொரு தடவை எங்கள் துப்பாக்கி சுடும் மைதானத்தில் வாஃபிள் வார்க்கிற மின்சாரக் கல்லின் ஒயர் அறுந்துபோயிற்று. வாஃபிள் என்றால் கட்டம் கட்டமாக அச்சு விழுந்த தோசை. எங்கள் ஊரில் துப்பாக்கி இல்லாமல்கூட சுடும் மைதானம் நடக்கும், வாஃபிள் இல்லாமல் நடக்காது. ஹல்வர்ட் தன் வீட்டுப் பழைய ரேடியோவின் ஒயரைக் கொண்டுவந்து செருகினார். போயிற்று. அன்றைக்குச் சுட்ட வாஃபிள் எல்லாம் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு. மேசையிலிருந்து லேசாகப் புகை வேறு. "ஒரே வாஃபிள்ல ரெண்டு ருசி, வேற எங்க கிடைக்கும் சொல்லு" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அவருடைய மனைவி குன்வோர் பேசாமல் பிளக்கைப் பிடுங்கினாள். மறுநாள் அந்த ரேடியோ ஒயர் காணாமல் போயிற்று.

ஹல்வர்டின் வீட்டில் சாமான்கள் காணாமல் போவது சகஜம். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி அங்கலாய்ப்பார்.

"எங்க வீட்டுக்கு ஒரு திருடன் வந்து போறான்பா. டிரில் மிஷின் காணோம். ஏணி காணோம். ஃபியூஸ் மாத்தலாம்னு ஒரு ஆணி எடுத்து வச்சிருந்தேன், ஆணியக்கூட விடல. ஆனா வெள்ளி ஸ்பூன் எல்லாம் அப்படியே இருக்கு. என்ன ஜென்மமோ."

"காலம் கெட்டுக் கெடக்கு" என்பாள் குன்வோர், காபியை ஊற்றிக்கொண்டே.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஆளைத் தெரியாமல் ஆயுதத்தைத் தெரிந்து என்ன பயன்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மன்காரர்கள் போனபோது அவர்கள் விட்டுப்போன துப்பாக்கிகள் எங்கள் நாட்டில் குவிந்து கிடந்தன. நல்ல இரும்பை ஏன் வீணாக்க வேண்டும் என்று எங்கள் ராணுவம் பழைய குழலைக் கழற்றிப் புதுக் குழல் மாட்டி, வேறு தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டது. சில வருஷம் கழித்து இன்னொரு தோட்டா வந்தது, சிலதை அதற்கும் மாற்றினார்கள். முதலாவது நீளத் தோட்டா, இரண்டாவது குட்டைத் தோட்டா. இரண்டிலும் முனையில் இருக்கிற குண்டின் பருமன் ஒன்றுதான், 7.62 மில்லிமீட்டர். பிற்பாடு இந்தத் துப்பாக்கிகள் வேட்டைக்காரர்கள் கைக்கு வந்தன. இன்றைக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீட்டில் ஒன்று இருக்கும். அதில் ஒரு குறையும் இல்லை, அருமையான துப்பாக்கிகள். தோட்டா வாங்குவதற்கு முன்னால் தன்னுடையது நீளமா குட்டையா என்று துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து அளந்து தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஹல்வர்டின் குழலில் 7.62 என்று பொறித்திருக்கிறது. வேறு ஒரு எழுத்தும் இல்லை. அவருடைய அப்பா வாங்கி வைத்திருந்த நீளத் தோட்டாக்கள் தீரும்வரை மனிதர் ஓரளவு நன்றாகவே சுட்டார். அவை தீர்ந்ததும் கடைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"எந்தத் துப்பாக்கிக்கு வேணும்?" என்று கடைப் பெண் கேட்டாள்.

"ஏழு அறுபத்திரண்டு."

"எந்த ஏழு அறுபத்திரண்டுங்க?"

"ஏம்மா, ஏழு அறுபத்திரண்டுக்கெல்லாம் ஜாதகமா பாக்க முடியும்? இதோ டப்பாவுலயே போட்டிருக்கே" என்று கைக்கு எட்டிய டப்பாவை எடுத்துக்கொண்டார். அது குட்டை.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியில் போட்டார். குட்டைத் தோட்டா நீளத் தோட்டாவின் இடத்துக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்னால் அரை அங்குலம் காலி. போகாமல் என்ன செய்யும்? "அப்பா காலத்துத் தோட்டாவ விட இது சுளுவா போகுது" என்று ஹல்வர்டுக்கு ஒரே சந்தோஷம்.

தோட்டாவின் பித்தளைக் கூடு எப்படி இருக்கும் தெரியுமா? கழுத்து வைத்த பாட்டில் மாதிரி. சுட்ட பிறகும் அந்தக் கழுத்து இருக்கும். ஹல்வர்டின் துப்பாக்கியிலிருந்து துள்ளி விழுந்த கூட்டுக்குக் கழுத்தே இல்லை. காலி இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு உப்பி, தோளும் கழுத்தும் ஒன்றாகி, கொழுக்கட்டை மாதிரி இருந்தது. வேறொருவனாக இருந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஆசாரி வீட்டுக்கு ஓடியிருப்பான். நம்ம ஆள் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒரு சித்தாந்தம் சொன்னார்.

"பழைய ராணுவ இரும்புடா இது. சூடானா தோட்டாவ அப்படியே கட்டிப் புடிச்சுக்கும். பாசம். உங்க புதுத் துப்பாக்கியில இந்தப் பாசம் வருமா?"

இந்த ரகத்துக்கு ஒரு விஷயம் தப்பாகப் போகும்போதெல்லாம் ஒரு சித்தாந்தம் பிறக்கும். ஹல்வர்ட் அத்தோடு நிற்கவில்லை. (டிரில் மிஷின் இன்னும் திருடு போகாத காலம் அது.) அந்தக் கூடுகளில் ஓட்டை போட்டு, வளையம் மாட்டி, எங்கள் வேட்டைக் குழுவில் ஆளுக்கொன்றாகப் பரிசு கொடுத்தார். நாங்களும் வாங்கிக் கார் சாவியில் தொங்கவிட்டுக்கொண்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஹல்வர்ட் ஒரு மூஸைக்கூடச் சுட்டு வீழ்த்தவில்லை. மூஸ் என்றால் குதிரையைவிட உயரமான மான், வீடு மாதிரி எதிரே வந்து நிற்கும். அதையே தவற விடுவார். காற்று என்பார். வெயில் கண்ணில் அடித்தது என்பார். "இந்தக் காலத்து மூஸுக்கு நிக்கத் தெரியல" என்பார்.

இப்போது எங்கள் நாட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூஸ் வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வொரு வருஷமும் சுடும் பரீட்சை பாஸாக வேண்டும். நூறு மீட்டர் தள்ளிப் பலகையில் வரைந்த மூஸின் நெஞ்சில் ஐந்து குண்டு போட வேண்டும். இது அரசாங்கச் சட்டம். எங்கள் குழு தன் பங்குக்கு இன்னொன்று சேர்த்திருக்கிறது: பரீட்சையில் தேறாதவன் வேட்டை வாரம் முழுக்க மலைக்குடிசையில் சமையல்.

முன்பு ஒரு வருஷம் ஹல்வர்ட் தேறவில்லை. அந்த வருஷத்தைப் பற்றி நாங்கள் வெளியே பேசுவதில்லை. உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் குழைய வேகவைத்து லாப்ஸ்கௌஸ் என்று ஒன்று செய்வோம், அதைக் கெடுக்கவே முடியாது என்று நினைத்திருந்தோம். ஹல்வர்ட் அதில் உப்புக் கருவாடு போட்டார், முந்தாநாள் வாஃபிள் போட்டார், ஜாம் போட்டார், மீந்துபோன காபியையும் ஊற்றினார். குழுத் தலைவர் யோஸ்டைன், பாவம், வயிற்றுக்கோளாறு உள்ளவர், "இது எதுக்கு ஹல்வர்ட்?" என்று கேட்டதற்கு வந்த பதிலை நான் சொல்லவே வேண்டாம். பானைக்குள் போய்விட்டதே.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஹல்வர்ட் மூன்றாவது வாய்ப்பில் தப்பித்தவறித் தேறுவார். அவர் சுட்டு முடிக்கும்வரை நாங்கள் அத்தனை பேரும் பின்னால் நின்று பிரார்த்தனை செய்வோம், தேவாலயத்தில்கூட நாங்கள் அப்படி நின்றதில்லை.

போன வருஷம் கடைசிப் பரீட்சை நாள். மத்தியானம். பிர்ச் மரமெல்லாம் மஞ்சளாகி நிற்கிறது, குன்வோர் வாஃபிள் மேசையில் (புது ஒயர்), யோஸ்டைனும் நானும் மற்றவர்களும் பெஞ்சில். அன்றைக்குத் தேறாவிட்டால் ஹல்வர்டுக்குக் கரண்டிதான். பரீட்சை நடத்த வந்தது ராக்னில்ட், குன்வோரின் தங்கை. நகரத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள், சுடும் பரீட்சை நடத்தவும் அனுமதி வாங்கியவள். தினமும் தெரியாத ஆட்கள் ஓட்டுகிற காரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குப் பயம், தாட்சண்யம் இரண்டும் போய்விட்டன.

ஹல்வர்ட் படுத்துக் குறி பார்த்தார். சுட்டார். சத்தம் எப்போதும் போல இல்லை, ஓட்டைப் பானையைத் தட்டினது போல ஒரு மாதிரி. முன்னால் போக வேண்டிய புகையில் கொஞ்சம் பின்னால் வந்தது. அவர் கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"அத்தான், துப்பாக்கிய கீழ வைங்க" என்றாள் ராக்னில்ட்.

"ஏம்மா, இன்னும் நாலு பாக்கி இருக்கே."

"கீழ வைங்கன்னு சொன்னேன்."

வைத்தார். அவள் குனிந்து காலிக் கூட்டைப் பொறுக்கினாள். வழக்கமான கொழுக்கட்டைதான், ஆனால் இந்த முறை பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்திருந்தது.

"என்ன அத்தான் இது?"

"அதுவா? பாசம்."

"என்னது?"

"பழைய இரும்பு இல்லையா, சூடானா கட்டிப் புடிச்சுக்கும். உனக்குக் கார்தான் தெரியும், இது வேற சமாச்சாரம்."

"கட்டிப் புடிச்சா கிழியுமா? உங்க கன்னத்துல கரி ஒட்டியிருக்கு, பாத்தீங்களா?"

"காலையில அடுப்பு பத்த வச்சேன்."

"காலையில பத்த வச்ச அடுப்பு இப்ப எப்படிப் புகையும்? தோட்டா டப்பாவக் குடுங்க." வாங்கிப் பார்த்தாள். "இது குட்டை. உங்க துப்பாக்கி நீளத் தோட்டாவுக்கானது மாதிரில்ல இருக்கு."

"ரெண்டும் ஏழு அறுபத்திரண்டுதானே. நெட்டையன் குட்டைக் கட்டில்ல படுக்க முடியாது, ஒத்துக்கறேன். குட்டையன் நெட்டைக் கட்டில்ல படுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

"கட்டில்ல படுத்தவன் வெடிக்க மாட்டான் அத்தான்."

நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது, அவள் எங்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"முன்னாடியும் இவர் தோட்டா இப்படித்தான் வந்துச்சா? யாராவது பாத்திருக்கீங்களா?"

யோஸ்டைன் மெதுவாகச் சட்டைப்பையில் கை விட்டு, கார் சாவியை எடுத்தார். அதில் கொழுக்கட்டை தொங்கியது. பக்கத்தில் இருந்தவர் எடுத்தார், அதிலும் ஒன்று. நானும் எடுத்தேன். பெஞ்சு முழுக்கக் கழுத்தில்லாத தோட்டாக் கூடுகள் வரிசையாக ஆடின.

"இத்தனை வருஷமா இதையா தொங்க விட்டுக்கிட்டு வண்டி ஓட்டினீங்க?"

"அழகா இருந்துச்சு" என்றார் யோஸ்டைன்.

ராக்னில்ட் சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எத்தனையோ மோசமான டிரைவர்களைப் பார்த்தவள் ஒரு பஸ் நிறைய மோசமான டிரைவர்களைப் பார்த்தது போல நின்றாள். பிறகு சொன்னாள்: "இத்தனை நாள் தாங்கினது அந்தத் துப்பாக்கியோட பெரிய மனசு. இன்னைக்குப் பொறுமை போக ஆரம்பிச்சிருக்கு. ஆசாரி அளந்து பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் இவர் இங்க சுட மாட்டார்."

"வேற துப்பாக்கிய வேணா தரேன், அதுல சுடுங்களேன்" என்று நான் ஹல்வர்டிடம் சொன்னேன்.

"அப்பா துப்பாக்கிய விட்டுட்டு இன்னொருத்தன் துப்பாக்கியத் தொடறதா?" அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்று கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தேவையில்ல. நான் இந்த வருஷம் சமையல் பாத்துக்கறேன்."

சமையல். அந்த ஒரு வார்த்தையில் பெஞ்சு முழுக்க வெளுத்துவிட்டது.

இங்கேதான் எங்கள் குழுவின் வீரம் வெளிப்பட்டது. யோஸ்டைன் ராக்னில்டைத் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே, "ஏம்மா, இன்னும் நாலு குண்டுதானே. கொஞ்சம் தலைய அப்படித் திருப்பிக்கிட்டு சுடச் சொன்னா?" என்றார்.

"தலைவரே, அவரு மூஞ்சி முக்கியமா, உங்க வயிறு முக்கியமா? எல்லாருமே சொல்லுங்க. அவரு மூஞ்சிதான் முக்கியம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க பாப்போம்."

நல்ல மனிதர்கள்தான் நாங்கள். ஹல்வர்டின் மேல் எங்களுக்குப் பிரியமும் உண்டு. ஆனால் அந்தக் குழம்பைச் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும். ஒருவர் பூட்ஸ் கயிறு கட்டினார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். நான் என் சாவியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஒன்றும் எழும்பவில்லை.

இந்த மௌனத்தை ஹல்வர்ட் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா மச்சினி, எல்லாரும் என் பக்கம். ஒரு காபி குடிச்சுட்டு வந்து மீதி நாலையும் போடறேன். யார் தடுக்கறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தாங்கியில் சாய்த்து, போல்ட்டைக் கழற்றிப் பக்கத்துப் பலகையில் வைத்தார். போல்ட் என்பது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற இரும்புத் தண்டு, அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். மைதானத்தில் யார் துப்பாக்கியைக் கீழே வைத்தாலும் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விதியை மட்டும் ஹல்வர்ட் தவறாமல் கடைப்பிடிப்பார், அதில் எதையும் உள்ளே நுழைக்கிற வேலை இல்லை.

அவர் காபிக் கெட்டில் பக்கம் போனார். குன்வோர் பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் தட்டோடு வந்தாள். தங்கைக்கு ஒன்று கொடுத்தாள், எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள், பலகைப் பக்கம் கொஞ்சம் நின்றாள், ஏப்ரனில் கை துடைத்தாள், போய்விட்டாள்.

ஹல்வர்ட் காபிக் கோப்பையோடு திரும்பி வந்தார்.

"போல்ட் எங்க?"

பெஞ்சில் எல்லாரும் வாஃபிள் மென்றுகொண்டிருந்தோம்.

"இங்க வச்சேன்யா. இப்பத்தான் வச்சேன்." பலகையின் கீழே பார்த்தார், புல்லில் பார்த்தார், என் தொப்பிக்குள்கூடப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து மெல்லிய குரலில், "அவன்தான்பா. அந்தத் திருடன் இங்கயும் வந்துட்டான்" என்றார்.

வாஃபிள் மேசையில் குன்வோர் மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஏப்ரன் பை ஒரு பக்கமாக, அரைக்கிலோ இரும்பு இருக்கிற மாதிரி, தொங்கியது. பெஞ்சில் இருந்த எல்லாரும் பார்த்தோம். ராக்னில்டும் பார்த்தாள். "போல்ட் இல்லாம பரீட்சை எழுத முடியாது அத்தான், என்ன செய்யறது" என்று வருத்தமாகச் சொன்னாள். அந்த வருத்தத்தை அவள் முகத்தில் கொண்டுவர ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

நான் இன்னொரு வாஃபிள் வாங்குகிற சாக்கில் குன்வோரிடம் போனேன்.

"நேரா சொன்னா கேக்க மாட்டாரா?"

"முப்பது வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். எதை வேணா உள்ள விட்டுக்குவாரு, நான் சொல்றது மட்டும் உள்ள போகாது." கரண்டியால் மாவை ஊற்றி மூடியை அழுத்தினாள். "அந்த மூஞ்சி பெரிய அழகு ஒண்ணும் இல்ல. உங்களுக்கே தெரியும். ஆனா காலையில எழுந்தா எதிர்ல அதுதான் இருக்கணும் எனக்கு. வேற எதையும் என்னால பாக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. வாஃபிள் புகை இல்லை, ஒயர் புதுசு.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்போது எழும்பாத கை அது, வாஃபிளை வாங்கிக்கொண்டு நகர்ந்தது.

வேட்டை வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்கிறீர்களா? ஹல்வர்ட் உற்சாகமாகச் சமைத்தார். முதல் நாள் குழம்பில் பழுப்புச் சீஸும் மத்தி மீனும் இருந்தன. இரண்டாம் நாள் அதற்கு மேல் ஓட்ஸும் ஊறுகாய் பீட்ரூட்டும். "மீதியெல்லாம் தூக்கிப் போட மனசு வரல" என்றார். மூன்றாம் நாள் யோஸ்டைன் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பின்னால் அவசரமாகக் குந்தியிருந்தபோது, அந்த வட்டாரத்திலேயே பெரிய ஆண் மூஸ் ஒன்று கொம்பை ஆட்டிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றது. துப்பாக்கி எட்டாத கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கன்று. பங்கு வைத்தபோது ஆளுக்கு ஒரு கை இறைச்சி வந்தது. சாப்பிடும்போது ஹல்வர்ட் எதிரே உட்கார்ந்து முழு முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார், அதனால் நான் குறை சொல்லவில்லை.

குளிர்காலத்தில் குன்வோர், "புது போல்ட் கிடைக்குமான்னு பாக்கச் சொல்றேன்" என்று சொல்லித் துப்பாக்கியைத் தங்கையிடம் கொடுத்தனுப்பினாள். பழைய போல்ட்டும் கூடவே, ஒரு கம்பளிக் காலுறைக்குள், போயிற்று. நகரத்து ஆசாரி அளந்து பார்த்தார். நீளம்தான், சந்தேகமே இல்லை. போல்ட்டில் தேய்ந்திருந்த ஒரு சின்னக் கொக்கியை மாற்றினார், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நீளத் தோட்டா டப்பா ஒன்றும் ராக்னில்ட் வாங்கி வந்தாள். குட்டை டப்பாவை அதற்கு முன்பே திருடன் எடுத்துப் போயிருந்தான்.

பனி உருகின பிறகு ஒருநாள் நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். குன்வோர் வாஃபிள் மாவு டின்னைத் திறந்து, கையை விட்டு, "அட, இங்க பாருங்க" என்று போல்ட்டை வெளியே எடுத்தாள். மாவு கொட்டியது. நடிப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஹல்வர்ட் துள்ளி எழுந்து வாங்கிக்கொண்டார். திருடன் எதற்கு மாவு டின்னில் ஒளித்து வைக்க வேண்டும் என்று ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. துடைத்தார், துப்பாக்கியில் மாட்டினார், அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினார்.

ஐந்து குண்டும் ஒரு சாசருக்குள் அடங்குகிற இடத்தில் விழுந்தன. காலிக் கூடுகள் கழுத்தும் தோளுமாக லட்சணமாக வெளியே வந்தன. ஹல்வர்ட் அவற்றை உருட்டிப் பார்த்தார். எனக்குத் தெரியும், சித்தாந்தம் வருகிறது என்று.

"ஓய்வுடா. குளிர்காலம் பூரா மாவுக்குள்ள படுத்து ஓய்வெடுத்திருக்கு. பழைய இரும்புக்கு அது போதும். உன் போல்ட்டையும் மாவுல போட்டு வை."

எங்கள் குழுவில் இரண்டு பேர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. அன்றைக்குச் சமையலறையில் ஹல்வர்ட் ஓடிப்போன பிறகு டின் மூடாமல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். ரேடியோ ஒயர் இருந்தது. ஃபியூஸுக்கு வைத்திருந்த ஆணி இருந்தது. மாவுக்கு நடுவே நீலக் கைப்பிடி போட்ட ஒரு திருப்புளி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். டோஸ்டரில் ரொட்டி சிக்கினால் நான் அதைத்தான் உள்ளே விடுவேன், அளவாகப் போகும். இரண்டு வருஷமாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இது என்னுதாச்சே" என்றேன்.

"தெரியும்" என்றாள் குன்வோர், மூடியை அழுத்திக்கொண்டே. "உங்க வீட்டுக்காரம்மாதான் குடுத்து வச்சிருக்காங்க. அவரோட டிரில் மிஷினும் ஏணியும் உங்க கோழிக் கொட்டகையிலதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் காபி ஊத்தவா?"

ஹல்வர்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு சாமான் ரொம்ப நாளாகக் காணோமா? சுத்தியல், பழைய சார்ஜர், போன வருஷம் மீந்துபோன மாத்திரை அட்டை, கேஸ் அடுப்புக்கு மாட்டலாம் என்று நீங்கள் எடுத்து வைத்த தோட்டத்து ரப்பர் குழாய்? கேட்டால் வீட்டில் "எனக்கென்ன தெரியும்" என்கிறார்களா? தேடாதீர்கள். போலீசுக்கும் சொல்லாதீர்கள். யாருக்கோ உங்கள் மூஞ்சி வேண்டியிருக்கிறது.